பட்ஜெட்டும் போட்டியும் அப்பாவோட லேத் பட்டறையும்

ரொம்ப நாளாச்சு எழுதி. வேலை, அலைச்சல், கொஞ்சம் சோம்பேறித்தனம் (இதுதான் நிஜக் காரணம்). இன்னைக்கு எழுத வெச்சது தங்கச்சி பொண்ணு. ப்ளஸ் டூ படிக்கிறா. காலாண்டுப் பரீட்சையில பொருளியல்ல 100க்கு 31.

"மத்ததெல்லாம் எண்பதுக்கு மேல வாங்கியிருக்காங்ண்ணா. இது ஒண்ணுலதான் இப்படி. நீங்கதான் எப்பப் பாத்தாலும் பழைய கதையே பேசிட்டிருப்பீங்கல்ல, கொஞ்சம் உக்காந்து சொல்லிக் குடுங்க" என்று தங்கச்சி போன் பண்ணினாள். அது பாராட்டா, இடிச்சுக் காட்டினதான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

சரி, ஞாயித்துக்கிழமை பாப்பா வந்தாள். கையில புத்தகம், கூடவே சீனியர் அக்கா யாரோ கொடுத்த பழைய கைடு. எந்தப் பாடம் கஷ்டம்னு கேட்டேன். ரெண்டு பாடம் காட்டினாள். ஒண்ணு அரசாங்க பட்ஜெட். இன்னொண்ணு முற்றுரிமை, போட்டி, அதுக்கான சட்டம், 1991 சீர்திருத்தம்.

"ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லீங்க மாமா. அதுல மூணு பற்றாக்குறை. இதுல ரெண்டு சட்டம். எல்லாமே ஒரே மாதிரி இருக்குது, மாத்தி மாத்தி எழுதிடறேன். இதெல்லாம் எதுக்குங்க படிக்கணும்?"

கடைசிக் கேள்விக்கு அப்போ பதில் சொல்லலை. மூணு வாரம் கழிச்சுத்தான் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல பட்ஜெட். பாப்பாவோட கைடைத் திறந்தா முதல் பக்கத்துலயே, பிப்ரவரி கடைசி வேலைநாள்ல தாக்கல் செய்யப்படும்னு இருக்கு. அது 2017லயே மாறிப் போச்சு. இப்போ பிப்ரவரி 1. அடுத்த பக்கத்துல திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவுன்னு ஒரு பெரிய பட்டியல். அந்தப் பிரிவினையும் 2017-18 பட்ஜெட்டோட போச்சு. 1924ல இருந்து தனியா வந்துட்டிருந்த ரயில்வே பட்ஜெட்டும் அதே வருஷம்தான் பொது பட்ஜெட்டுக்குள்ளே சேர்ந்தது. கைடை மூடி ஓரமா வெச்சுட்டேன்.

"பட்ஜெட்ங்கற வார்த்தையே நம்ம அரசியல் சட்டத்துல இல்லை கண்ணு, தெரியுமா? 112வது பிரிவு 'ஆண்டு நிதிநிலை அறிக்கை'ன்னுதான் சொல்லுது. ஒரு மார்க் கேள்விக்கு ஆகும், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். மார்க் என்றால் பேனா தானா ஓடுது :-)

இந்த வழக்கம் நமக்கு எப்ப வந்துச்சுன்னு பார்த்தா 1860க்குப் போகணும். 1857 கலகத்தை அடக்கின செலவுல ஆங்கில அரசாங்கம் கடன்ல மூழ்கிக் கிடந்தது. லண்டன்ல இருந்து ஜேம்ஸ் வில்சன்னு ஒருத்தரை அனுப்பினாங்க. 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையை 1843ல ஆரம்பிச்சவர். அவர் வந்து இந்தியாவோட முதல் பட்ஜெட்டைப் போட்டார், கையோட வருமான வரியையும் கொண்டுவந்தார். இதை வெளிப்படையா எதிர்த்தது யார்னு நினைக்கறீங்க? நம்ம மெட்ராஸ் கவர்னர், சார்லஸ் ட்ரெவெலியன். இந்த வரி வேண்டாம், செலவைக் குறையுங்கன்னு பகிரங்கமா சொல்லிட்டார். பதவி போச்சு, இங்கிலாந்துக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. வில்சன் பாவம், பட்ஜெட் போட்ட வருஷமே ஆகஸ்டுல கல்கத்தாவுல வயித்துக் கடுப்பு கண்டு இறந்துட்டார். கதையில திருப்பம் என்னன்னா, சில வருஷத்துலயே அதே ட்ரெவெலியன் நிதி உறுப்பினரா இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். அந்த வருமான வரியும் 1865ல கைவிடப்பட்டது. (அப்புறம் வேற ரூபத்துல திரும்பி வந்தது, அது நமக்கெல்லாம் தெரியும்.)

பாப்பா சிரிச்சாள். "அப்போ பட்ஜெட்னாலே சண்டைதானுங்களா?"

அதேதான். வரியைக் கூட்டறதா, செலவைக் குறைக்கறதா, கடன் வாங்கறதா. 1860ல நடந்த சண்டை இதுதான். இன்னைக்கு நடக்கறதும் இதுதான்.

அடுத்தது 1947. சுதந்திர இந்தியாவோட முதல் பட்ஜெட் நவம்பர் 26 அன்னிக்கு. தாக்கல் செய்தவர் நம்ம கோயமுத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். நீதிக்கட்சியில இருந்தவர், கொச்சி திவானா இருந்தவர், 1944ல பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவுல இருந்தவர். காங்கிரஸ்காரர் இல்லை. ஆனாலும் நேருவோட முதல் மந்திரிசபையில நிதி அவர்கிட்டதான் இருந்தது. (மறு வருஷம் ஆகஸ்டுலயே பதவி விலகினார், அது தனிக் கதை.)

அந்த பட்ஜெட் முழு வருஷத்துக்கு இல்லை. ஆகஸ்ட் 15ல இருந்து மார்ச் 31 வரைக்கும், ஏழரை மாசத்துக்கு. வரவு சுமார் 171 கோடி. செலவு சுமார் 197 கோடி. அதுல கிட்டத்தட்ட 93 கோடி ராணுவத்துக்கு. பிரிவினை நடந்து மூணு மாசம், காஷ்மீர்ல சண்டை, லட்சக்கணக்குல அகதிகள், போதாததுக்கு உணவுத் தட்டுப்பாடு.

"கழிச்சுப் பாரு."

"26 கோடி பத்தலீங்க மாமா."

"பத்தலைன்னா என்ன பண்ணுவாங்க?"

"கடன் வாங்குவாங்க."

இவ்வளவுதான் பற்றாக்குறை. இதை ஏன் மூணா பிரிக்கணும்ங்கறதுலதான் அவளுக்குக் குழப்பம். அதுக்கு நான் உள்ளே போய் பீரோ மேலே இருந்த ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தேன். எங்கப்பாவோட பட்டறைக் கணக்கு நோட்டு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. கைமாத்து வாங்கினா சிவப்பு மையில எழுதுவார்.

அப்பாவுக்கு சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. மொதல்ல பெரிய கம்பெனிகளுக்குக் கடைசல் வேலை பண்ணிக் கொடுத்தார். அப்புறம் சொந்தமா கிணத்துப் பம்பு செட் பண்ணி வித்தார். பாப்பா அவங்க தாத்தாவைப் பார்த்ததில்லை. நோட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஒரு மாசம் சிவப்பு மையில 8,000 ரூபாய் கடன். செலவுப் பக்கம் புது டிரில்லிங் மெஷின். இது மூலதனச் செலவு. மெஷின் நாளைக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கும், கடனை அடைக்கும். இன்னொரு மாசமும் சிவப்பு மை இருக்கு. செலவுப் பக்கம் ஆள் கூலி, கரண்ட் பில். இது வருவாய்ச் செலவு. வர்ற காசு தினப்படிச் செலவுக்கே பத்தாம கடன் வாங்கினா அதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. மெஷினுக்கோ கூலிக்கோ, எதுக்காக இருந்தாலும் அந்த வருஷம் மொத்தமா எவ்வளவு கடன் தேவைப்பட்டுதோ அது நிதிப் பற்றாக்குறை. அதுல பழைய கடனுக்குக் கட்டின வட்டியைக் கழிச்சா மிச்சம் நிக்கறது முதன்மைப் பற்றாக்குறை.

"வட்டியை ஏங்க மாமா கழிக்கணும்?"

நல்ல கேள்வி. 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டை எடுத்துக் காட்டினேன். மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி. நிதிப் பற்றாக்குறை சுமார் 15.69 லட்சம் கோடி. அந்த வருஷத்துக்கு வட்டி மட்டும் சுமார் 12.76 லட்சம் கோடி. கழிச்சா 2.93 லட்சம் கோடி. அதாவது அரசாங்கம் புதுசா வாங்கற ஒவ்வொரு 100 ரூபாய் கடனுக்கும் எதிரே 81 ரூபாய் பழைய கடனோட வட்டியா நிக்குது. இந்த வருஷத்து அரசாங்கம் தன் கையால இழுத்துவிட்டது எவ்வளவு, முந்தின அரசாங்கங்கள் விட்டுட்டுப் போனது எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டறதுதான் மூணாவது பற்றாக்குறை.

பாப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவளா நோட்டுல மூணு கட்டம் போட்டு, தாத்தா கணக்கை வெச்சே மூணு பற்றாக்குறையும் எழுதினாள். கூலி மாசம், மெஷின் மாசம், வட்டி. முதல் ஞாயிறு முடிஞ்சது.

ரெண்டாவது ஞாயிறு, போட்டி. இங்கே என் கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன்.

நாங்க இருக்கற வீடு 1979ல கட்டினது. அப்போ சிமெண்ட் கடையில போய் வாங்கற பொருள் இல்லை, பெர்மிட்டுல வாங்கற பொருள். எத்தனை மூட்டை வேணும்னு மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி, கையெழுத்து வாங்கணும். அப்பா 120 மூட்டை கேட்டார், 40 கொடுத்தாங்க. மிச்சத்தை ரெண்டு மடங்கு விலை கொடுத்து வெளியில வாங்கினார். வீட்டு முன் திண்ணை பூசாமலே அஞ்சு வருஷம் கிடந்ததுக்கு அதுதான் காரணம். சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கு நன்கொடை வாங்கினதா எழுந்த புகார்ல 1982 ஜனவரியில மகாராஷ்டிர முதல்வரே பதவி விலகினார்னா பார்த்துக்குங்க. அடுத்த மாசமே சிமெண்ட் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினாங்க, 1989ல முழுசா எடுத்தாங்க. ஸ்கூட்டர், டெலிபோன் எல்லாம் இதே கதைதான். பதிவு பண்ணிட்டு வருஷக் கணக்குல காத்திருக்கணும்.

"ஏங்க மாமா அப்படி? வேணும்கறவங்களுக்கு வேற கம்பெனி பண்ணித் தர வேண்டியதுதானே?"

பண்ண முடியாது. 1951ல வந்த தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி லைசென்ஸ் வேணும். தொழில் தொடங்க லைசென்ஸ், பெருசாக்க லைசென்ஸ், புதுப் பொருள் பண்ண லைசென்ஸ். நோக்கம் நல்லதுதான். நாட்டுல இருக்கற கொஞ்சப் பணத்தைத் தேவையான தொழிலுக்குத் திருப்பணும், நாலு பணக்காரங்க கையில எல்லாம் போய்ச் சேரக் கூடாது.

நடந்தது வேற. 1964ல அரசாங்கம் நீதிபதி கே.சி. தாஸ்குப்தா தலைமையில ஏகபோக விசாரணை ஆணையம் போட்டது. அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. தனியார் கம்பெனிகளோட மொத்த சொத்துல கிட்டத்தட்ட பாதி வெறும் 75 குழுமங்கள் கையில! அப்புறம் ஆர்.கே. ஹஸாரியோட அறிக்கை வந்து இன்னொரு விஷயத்தைப் போட்டு உடைச்சது. பெரிய குழுமங்கள் லைசென்ஸை மொத்தமா வாங்கிக் கையில வெச்சுக்கறாங்க, அதனால அடுத்தவன் உள்ளே வர இடமே இல்லாமப் போகுது. பெரியவங்களைத் தடுக்கப் போட்ட வேலியே அவங்களுக்குக் காவலாப் போச்சு. டெல்லியில ஆள் வெச்சு அலைய முடிஞ்சவங்களுக்குத்தானே லைசென்ஸ் கிடைக்கும்? சிங்காநல்லூர்ல இருந்து யார் போறது?

இதுக்குப் பதிலாத்தான் 1969ல எம்.ஆர்.டி.பி. சட்டம், அதாவது ஏகபோக மற்றும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் சட்டம். 1970 ஜூன் 1ல அமலுக்கு வந்தது. 20 கோடி ரூபாய்க்கு மேல சொத்து இருந்தா நீ பெரிய ஆள். விரிவாக்கணும்னா, இன்னொரு கம்பெனியைச் சேர்த்துக்கணும்னா தனியா அனுமதி வாங்கு. 1985ல அந்த வரம்பை 100 கோடி ஆக்கினாங்க. இந்தச் சட்டத்துக்கு இன்னொரு பகுதியும் இருந்தது. என் பொருளை வித்தா அடுத்தவன் பொருளை விக்காதேன்னு கடைக்காரரைக் கட்டாயப்படுத்தறது, கூட்டுச் சேர்ந்து விலையை நிர்ணயிக்கறது, ஒண்ணு வேணும்னா கூடவே இன்னொண்ணையும் வாங்குன்னு தலையில கட்டறது, இதையெல்லாம் விசாரிக்க ஒரு ஆணையம். இந்தப் பகுதியை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

இப்போ 1991. நான் ப்ளஸ் டூ. ஆமா, இதே பாடம், இதே பரீட்சை.

அந்த வருஷம் மத்திய அரசோட நிதிப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில 8 சதவீதத்துக்கு மேல போயிருந்தது. வெளிநாட்டுச் செலாவணி ரெண்டு வாரம் இறக்குமதிக்குத்தான் காணும்ங்கற நிலைமை. மே மாசம் 20 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினாங்க. ஜூலையில இன்னும் கிட்டத்தட்ட 47 டன் அடமானத்துக்குப் போச்சு. ஜூலை 1லயும் 3லயும் ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க. (பாப்பா இங்கேதான் வழக்கமா தப்புப் பண்றா. பட்ஜெட் பற்றாக்குறை வேற, அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை வேற. முதலாவது அரசாங்கத்தோட கணக்கு, ரெண்டாவது நாட்டோட டாலர் கணக்கு. ஆனா வீட்டுல ஒருத்தர் வரவுக்கு மேல செலவு பண்ணிட்டே இருந்தா மளிகைக்கடை பாக்கியும் ஏறும்ல, அந்த மாதிரி ஒண்ணு இன்னொண்ணை இழுத்துவிடும்.)

ஜூலை 24, புதன்கிழமை. சாயங்காலம் மன்மோகன் சிங் தன்னோட முதல் பட்ஜெட்டை வாசிச்சார். நிதிப் பற்றாக்குறையை 6.5 சதவீதமாக் குறைக்கறதுன்னு இலக்கு. உர விலையை 40 சதவீதம் ஏத்தினார். ஏகப்பட்ட எதிர்ப்பு வந்து அதை 30 ஆக்க வேண்டியிருந்தது.

இது எல்லாருக்கும் தெரியும். நிறைய பேருக்கு மறந்து போறது, அதே நாள் மத்தியானம் நடந்தது. பட்ஜெட்டுக்குச் சில மணி நேரம் முன்னாடி புதிய தொழிற்கொள்கை அறிக்கையை நாடாளுமன்றத்துல வெச்சாங்க. தொழில் துறை பிரதமர் நரசிம்மராவ் கையிலதான் இருந்தது. 18 தொழில்களைத் தவிர மத்ததுக்கு லைசென்ஸ் கிடையாது. பொதுத்துறைக்கு மட்டும்னு ஒதுக்கின 17 தொழில்கள் 8 ஆச்சு. எம்.ஆர்.டி.பி. சட்டத்துல இருந்த சொத்து வரம்பு நீக்கப்படும்.

"பாத்தியா பாப்பா, சம்பந்தமே இல்லைன்னு சொன்ன உன் ரெண்டு பாடமும் ஒரே நாள்ல, ஒரே கட்டடத்துல சந்திச்சுக்கிச்சு."

ஏன் ஒரே நாள்? கஜானா காலி. பொதுத்துறையில அரசாங்கமே பணம் போட்டு எல்லாத்தையும் நடத்த முடியாது. அப்போ தனியார் வரணும். வரணும்னா கதவைத் திறக்கணும். பட்ஜெட்டுல "என்கிட்ட காசு இல்லை"ன்னு சொன்னதோட மறுபாதிதான் தொழிற்கொள்கையில "நீங்க பண்ணிக்குங்க"ன்னு சொன்னது. இது புரிஞ்சா ரெண்டு பாடமும் ஒரே பாடம்.

இப்ப என் சோகக் கதை. அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சையில எம்.ஆர்.டி.பி. சட்டம் பத்தி ஒரு கேள்வி. நான் பேப்பர் படிக்கற பையனாச்சே, சொத்து வரம்பு 20 கோடி, அப்புறம் 100 கோடி, இந்த செப்டம்பர்ல அவசரச் சட்டம் மூலமா அதுவும் எடுக்கப்பட்டதுன்னு எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையில அடிச்சுட்டார். போய்க் கேட்டேன். "நீ எழுதினது சரிதாண்டா. ஆனா புஸ்தகத்துல இல்லியே. திருத்தறவன் புஸ்தகத்தைப் பாத்துத்தான் மார்க் போடுவான்" என்றார். கெட்டவர் இல்லை, என் நல்லதுக்குத்தான் சொன்னார். பொதுத்தேர்வுல புத்தகத்துல இருக்கறபடியே எழுதினேன். 200க்கு 178. கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் எவைன்னு கேட்டா இன்னைக்கும் வரிசையாச் சொல்லுவேன்.

மூணாவது ஞாயிறு. பாப்பா வந்ததும் நோட்டைத்தான் கேட்டாள். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டியிருக்கா. 1997 தை மாசத்தோட கணக்கு நிக்குது.

"தாத்தா ஏங்க மாமா பட்டறையை மூடுனாங்க? போட்டி வந்தா நல்லதுன்னுதானே புக்குல போட்டிருக்குது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாரா வரலை.

காரணம் ஒண்ணு இல்லை. வட்டி அதிகம். பெரிய கம்பெனிங்க எண்ணிக்கையில பண்றதால அவங்க பம்பு விலை கம்மி. அதுல அநியாயம்னு சொல்ல ஒண்ணும் இல்லை, விவசாயிக்கு அது நல்லதுதான். அப்பாவே அப்படித்தான் சொல்லுவார். ஆனா இன்னொண்ணும் நடந்தது. 1996ல, அப்பா பம்பை வித்துட்டிருந்த அஞ்சு டீலர்ல மூணு பேர் ஒரே மாசத்துல நிறுத்தினாங்க. ஒருத்தர் மட்டும் நேர்ல வந்து சொன்னார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பம்பு வெச்சிருந்தா அவங்க சரக்கு தரமாட்டாங்களாம். அவங்க சரக்கு இல்லாம நான் கடை நடத்த முடியாதுங்க." அப்பா காப்பி கொடுத்து அனுப்பினார். நான் பக்கத்து ரூம்ல இருந்தேன், கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு டெல்லியில இப்படி ஒரு ஆணையம் இருக்கறதே தெரியாது. எனக்குத் தெரியும். மார்க் வாங்கியிருக்கேன். என் பொருளை வித்தா அடுத்தவன் பொருளை விக்காதேன்னு கட்டாயப்படுத்தறது, பட்டியல்ல இருக்கு. ஆனா அந்தப் பட்டியலும் எங்க வீட்டு முன் ரூம்ல நடந்த பேச்சும் ஒண்ணுங்கறது எனக்கு உறைக்கவே இல்லை. உறைச்சது எப்போ தெரியுமா? 2009ல எம்.ஆர்.டி.பி. சட்டத்தை ரத்து பண்ணின செய்தியைப் பேப்பர்ல படிச்சப்போ. அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

தெரிஞ்சிருந்தா பட்டறை பிழைச்சிருக்குமா? சத்தியமா இல்லைன்னுதான் நினைக்கறேன். அந்த ஆணையம் விசாரிச்சு "இனிமே செய்யாதே"ன்னு உத்தரவு போடும், அபராதம் போடற அதிகாரம் அதுக்கு இல்லை. அதுக்குள்ள டீலர் போயிருப்பார். ஆனா ஒரு மனு எழுதிப் போட்டிருக்கலாம். அப்பா கடைசி வரைக்கும் தன் பம்பு சரியில்லைன்னே நினைச்சுட்டிருந்தார். அது அப்படி இல்லைன்னாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்.

பாப்பா ஒண்ணும் சொல்லலை. நோட்டை மூடி மடியில வெச்சுக்கிட்டாள்.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 1991ல பழைய சட்டத்தோட பாதிப் பல்லைப் பிடுங்கியாச்சு, புதுப் பல் முளைக்க ரொம்ப நாளாச்சு. 1999ல எஸ்.வி.எஸ். ராகவன் தலைமையில குழு போட்டாங்க, 2000ல அறிக்கை வந்தது. போட்டிச் சட்டம் 2002ல நிறைவேறினது. ஆணையம் 2003ல பேருக்கு அமைஞ்சது, உடனே வழக்கு வந்தது. 2007ல சட்டத்தைத் திருத்தி, 2009 மே 20ல இருந்துதான் முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வந்தது. கம்பெனி இணைப்புகளைப் பார்க்கற பிரிவுகள் 2011 ஜூன்ல. லைசென்ஸ் கதவைத் திறந்து கிட்டத்தட்ட 18 வருஷம் கழிச்சு!

ரெண்டு சட்டத்துக்கும் வித்தியாசம் என்னன்னு கேட்டா ஒரே வரிதான். பழைய சட்டம் "நீ எவ்வளவு பெருசு?"ன்னு கேட்டது. புதுச் சட்டம் "நீ என்ன பண்ணினே?"ன்னு கேக்குது. பெருசா இருக்கறது குத்தமில்லை, பெருசா இருந்துக்கிட்டு அடுத்தவன் கழுத்தைப் புடிக்கறதுதான் குத்தம். அபராதமும் போடும். 2022 அக்டோபர்ல கூகுள் மேல ஒரே உத்தரவுல சுமார் 1,338 கோடி போட்டது.

இன்னொரு உதாரணமும் சொன்னேன். மறுபடியும் சிமெண்ட்தான்! 2012ல சிமெண்ட் கம்பெனிங்க 11, பேசி வெச்சு விலையை ஏத்தினதா ஆணையம் முடிவு பண்ணி 6,000 கோடிக்கு மேல அபராதம் விதிச்சது. மேல்முறையீட்டுல அது ரத்தாகி, 2016ல திரும்பவும் விசாரிச்சு மறுபடி அபராதம். வழக்கு அதுக்கப்புறமும் மேலே மேலே போச்சு. 1979ல அரசாங்கம் பெர்மிட் போட்டதால எங்க திண்ணை பூசாம நின்னது. பெர்மிட் போன அப்புறம், விக்கறவங்களே ஒண்ணாச் சேர்ந்துட்டாங்கன்னு புகார். கதவைத் திறந்து விட்டா மட்டும் போட்டி வந்துடாது, அதுக்குக் காவலும் வேணும். அந்தக் காவலோட பேருதான் பாடத்துல இருக்கற போட்டிக் கொள்கை.

"இப்ப சொல்லு கண்ணு, இதெல்லாம் எதுக்குப் படிக்கணும்னு கேட்டியே?"

கொஞ்சம் யோசிச்சாள். "நம்ம வீட்டுல நடந்தா அதுக்குப் பேரு என்னன்னு தெரியறதுக்குங்க மாமா."

நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

அரையாண்டுல 74. "பழைய கதைக்கும் இத்தனை மார்க் வருதாக்கும்"னு தங்கச்சி போன்ல சிரிச்சா. பாப்பா ஒரு கேள்விக்குப் பழைய கைடுல இருந்ததை விட்டுட்டு, பட்ஜெட் பிப்ரவரி 1, திட்டச் செலவுப் பிரிவினை 2017ல போயிடுச்சுன்னு எழுதியிருக்கா. அவங்க டீச்சர் பக்கத்துல ஒரு டிக் போட்டு முழு மார்க் கொடுத்திருக்காங்க. அந்தப் பேப்பரை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள்.

பி.கு: அப்பாவோட நோட்டு இப்போ பாப்பாகிட்ட இருக்கு. பொதுத்தேர்வு முடிஞ்சதும் திருப்பித் தர்றேன்னு சொல்லியிருக்கா. கேக்கறதா இல்லை.